சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்த தம்பி

போன மாதம் நண்பர் ஒருவரின் குறும்படப் படப்பிடிப்புக்குப் போயிருந்தேன். க்ரைம் த்ரில்லர். வளசரவாக்கத்தில் இரண்டாவது மாடி வீடு, ராத்திரி 11 மணி. வீட்டில் தனியாக இருக்கிறான் ஒருவன். மாடிப்படியில் யாரோ ஏறி வருகிறார்கள். அவ்வளவுதான் காட்சி.

ஷாட்டுக்கு முன்னால் சவுண்ட் பார்க்கிற தம்பி நேராகச் சமையலறைக்குப் போய், அதன் இரைச்சல் பதிவாகக் கூடாதென்று ஃப்ரிட்ஜை அணைத்தார். அப்புறம் தன் பைக் சாவியை அதற்குள் வைத்துக் கதவைச் சாத்தினார். எதற்கு என்று கேட்டேன். "அணைச்சதை மறந்துட்டுப் போயிட்டா வீட்டுக்காரங்க பாலு, மாவெல்லாம் கெட்டுடும்ணே. சாவி எடுக்க வர்றப்போ ஞாபகம் வந்துடும்" என்றார். ஃபேனும் நின்றது. எல்லோருக்கும் வியர்த்துக் கொட்டியது. பேக்கப் சொல்வதற்கு முன் ஒரு நிமிடம் யாரையும் அசைய விடாமல் அந்த அறையின் மௌனத்தை மட்டும் பதிவு செய்தார். ரூம் டோன் என்பார்கள். வசனத்துக்கு வசனம் நடுவில் வெட்டுகிற இடம் காதுக்கு உறுத்தாமல் இருக்க அதுதான் கீழே ஓட வேண்டும்.

யூடியூபில் குறும்படங்களை விடாமல் பார்க்கிறவன் நான். 2008இல் வீடியோவும் எடுக்கிற கேனன் 5டி மார்க் 2 கேமரா வந்த பிறகு படம் அழகாகத் தெரிவது பெரிய விஷயமாக இல்லாமல் போய்விட்டது. ஆனால் சத்தம் இன்னும் ஏழையாகவே இருக்கிறது. டப்பிங் குரல் அறையோடு ஒட்டாது. முதல் நொடியிலேயே பின்னணி இசை ஆரம்பித்து, "பயப்படு, பயப்படு" என்று கடைசி வரை நச்சரிக்கும். லென்ஸ் வாடகைக்குக் கடன் வாங்குகிற தம்பிகள் நல்ல மைக்குக்கு யோசிக்கிறார்கள். எனக்கு இது உண்மையிலேயே வருத்தம்.

இயக்குநர் ஃப்ரிட்ஸ் லாங் ஜெர்மனியில் 1931இல் எடுத்த 'எம்' அவருடைய முதல் பேசும்படம். அதில் குழந்தைகளைக் கொல்கிறவன் ஒரு மெட்டை விசிலடிப்பான். பின்னணி இசை கிடையாது. பார்வையற்ற பலூன் வியாபாரி அந்த விசிலை வைத்துத்தான் அவனைக் கண்டுபிடிக்கிறார். கொலைகாரனாக நடித்த பீட்டர் லோருக்கு விசிலடிக்க வராது என்பதால் லாங்கே அடித்தாராம். இதற்கு என்ன செலவு? நம் ஊரிலேயே 1954இல் ஏவி.எம். எடுத்த 'அந்த நாள்' இருக்கிறது. ஒரு துப்பாக்கிச் சத்தத்தில் தொடங்குகிற கொலைக்கதை, பாட்டு ஒன்றுகூடக் கிடையாது. இயக்கியவர் யார்? வீணை எஸ். பாலச்சந்தர்!

"எல்லாரும் போன்லதானே பார்க்கிறாங்க, சவுண்டுக்கு இவ்வளவு எதுக்கு" என்று ஒரு தம்பி கேட்டார். போனில் பார்க்கிறவர்களில் நிறையப் பேர் காதில் ஹெட்செட் மாட்டியிருக்கிறார்கள், தம்பி. தியேட்டரில்கூடக் கிடைக்காத நெருக்கம் அது. அங்கே ஒரு தாழ்ப்பாள் சத்தம் போதும்.

நேற்று நண்பர் ரஃப் கட், அதாவது முதல்கட்டமாகத் தொகுத்த படத்தை, அனுப்பினார். இசை இன்னும் சேர்க்கவில்லை. படியேறி வருவது உதவி இயக்குநர், இரவல் செருப்பு போட்டுக்கொண்டு நடந்தார். பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். அப்படியும் காலடி கதவுக்கு வெளியே நின்றபோது, என் வீட்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தேன்.

அந்த இடத்தில் வயலின் போடப் போவதாகச் சொல்கிறார். வேண்டாம் என்று கெஞ்சியிருக்கிறேன்.