முப்பது விழுக்காடு நிலமும் மூன்று மில்லி குப்பியும்

2022 டிசம்பரில் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் கூடிய நாடுகள், பல்லுயிர் இழப்பை 2030ஆம் ஆண்டுக்குள் தடுத்து நிறுத்துவதாக ஒப்புக்கொண்டு, அதற்கென 23 இலக்குகளை வகுத்தன. அவற்றுள் மூன்றாவது இலக்குதான் செய்திகளில் பெரிதாகப் பேசப்பட்டது: நிலத்திலும் கடலிலும் 30 விழுக்காட்டைப் பாதுகாப்புக்குள் கொண்டுவருவது. அந்த இலக்கை நான் முழு மனத்தோடு வரவேற்கிறேன். ஆனால் ஓர் உயிரினம் ஏன் அழிகிறது, எதனால் பிழைக்கிறது என்று அறிய விரும்புகிறவர், வரைபடத்தில் காட்டின் எல்லைக்கோட்டோடு நின்றுவிடாமல் கால்நடை மருந்துக் கடையின் அலமாரியையும் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பிணந்தின்னிக் கழுகுகள் எனப்படும் பாறுகளின் கதை அதற்குச் சான்று.

1980களில் வெண்முதுகுப் பாறு, உலகின் பெரிய இரைகொல்லிப் பறவைகளிலேயே மிக அதிக எண்ணிக்கையில் வாழ்ந்த இனமாக இருந்திருக்கக்கூடும் என்று கருதப்பட்டது. ஊருக்கு வெளியே செத்த மாட்டைப் போட்டால் ஒரு பகல் பொழுதுக்குள் எலும்பு மட்டுமே மிஞ்சும். இந்தியாவில் 1992க்கும் 2007க்கும் இடையில் அந்த இனத்தில் 99.9 விழுக்காடு மறைந்துவிட்டது. அதாவது ஆயிரம் பறவைகள் இருந்த இடத்தில் ஒன்று மிஞ்சியது. ராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவில்தான், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த விபு பிரகாஷ் இந்தச் சரிவை முதலில் கவனித்துப் பதிவு செய்தார். அது சட்டப்படி காக்கப்பட்ட பூங்கா, யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களமும்கூட. அங்கே வேட்டை இல்லை, மரம் வெட்டுவாரும் இல்லை. அப்படியிருந்தும் பறவைகள் கழுத்தைத் தொங்கவிட்டபடி கிளைகளில் நாள்கணக்கில் உட்கார்ந்திருந்து, பிறகு செத்து விழுந்தன.

முதலில் ஏதோ வைரஸ் என்றே பலரும் ஐயுற்றனர். பாகிஸ்தானில் ஆய்வு செய்த லிண்ட்சே ஓக்ஸும் அவருடைய குழுவினரும் 2004இல்தான் உண்மைக் காரணத்தை வெளியிட்டார்கள்: கால்நடைகளுக்குப் போடப்பட்ட டைக்ளோஃபெனாக் என்னும் வலிநிவாரணி. அந்த ஊசி போட்ட மாடு சில நாட்களுக்குள் இறந்து, அதன் இறைச்சியைப் பாறு தின்றால், பறவையின் சிறுநீரகம் செயலிழக்கிறது. வெளியேற வழியில்லாத யூரிக் அமிலம் உடலுக்குள் தேங்குகிறது. உடற்கூராய்வில் திறந்து பார்த்தால் ஈரலும் இதயமும் சுண்ணாம்பு அடித்தாற்போல் வெள்ளையாக இருக்கும்.

இதில் என்னை இன்றும் திடுக்கிட வைப்பது ஒரு கணக்கு. மாட்டுப் பிணங்களில் பாதிக்குப் பாதி நஞ்சாக இருந்ததால் இந்த அழிவு நேரவில்லை. பாறுகள் உண்ணும் பிணங்களில் 760இல் ஒன்று முதல் 130இல் ஒன்று வரை கொல்லும் அளவு மருந்து இருந்தாலே இவ்வளவு பெரிய சரிவுக்குப் போதும் என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள். ஒரே பிணத்தைப் பல பத்துப் பறவைகள் சேர்ந்து தின்பதும், ஓர் இணை ஆண்டுக்கு ஒரு முட்டை மட்டுமே இடுவதும், குஞ்சு வளர்ந்து இனப்பெருக்கம் செய்யப் பல ஆண்டுகள் ஆவதும் சேர்ந்து, ஒரு விழுக்காட்டுக்கும் குறைந்த நஞ்சை ஓர் இனத்தையே துடைத்தெறியும் ஆற்றலாக்கிவிட்டன. இரைக்காக நூறு கிலோமீட்டருக்கும் மேல் பறக்கும் பறவைக்கு நாம் வேலியிட்டு வைத்திருக்கும் 30 விழுக்காடு எம்மாத்திரம்?

மனிதர்களும் இதற்கு விலை கொடுத்தார்கள். பாறுகள் இல்லாத ஊர்களில் பிணங்கள் அழுகிக் கிடந்தன, நாய்கள் பெருகின, நீர்நிலைகள் மாசுபட்டன. மும்பையில் பார்சி மக்கள் தம் இறந்தோரைப் பாறுகளுக்கு ஒப்படைக்கும் அமைதிக் கோபுரங்களில் நூற்றாண்டுக் கால வழக்கமே நிலைகுலைந்தது. 2000 முதல் 2005 வரையிலான ஐந்தாண்டுகளில் இந்தியாவில் ஏறத்தாழ 5 லட்சம் கூடுதல் மனித இறப்புகளுக்குப் பாறுகளின் மறைவு காரணமாயிற்று என்று 2024இல் வெளியான ஒரு பொருளாதார ஆய்வு மதிப்பிட்டது. பறவைகளைப் பற்றிப் பேசினால் மனிதர்களை மறந்துவிட்டார்கள் என்று குறைபடுவோர் இந்த எண்ணைச் சற்று நேரம் மனத்தில் நிறுத்த வேண்டும்.

2006இல் இந்தியாவும் நேபாளமும் பாகிஸ்தானும் கால்நடைகளுக்கான டைக்ளோஃபெனாக்கைத் தடை செய்தன. அத்தோடு சிக்கல் தீரவில்லை, ஏனெனில் மனிதர்களுக்கான அதே மருந்து 30 மில்லி குப்பிகளில் எல்லா மருந்துக் கடைகளிலும் கிடைத்தது. மனிதருக்கு ஒரு வேளைக்கு 3 மில்லி போதும். ஒரு மாட்டுக்கோ அந்தப் பெரிய குப்பி கனகச்சிதமாகப் பொருந்தியது. கறவை மாடு மடிவீக்கத்தாலோ காய்ச்சலாலோ எழ முடியாமல் படுத்துவிட்டால், மறுநாள் காலைப் பால் பணத்தை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு அந்த இரவில் வேண்டியது மாடு எழுந்து நிற்பது ஒன்றுதான். எந்த ஊசி கைக்கு எட்டுகிறதோ அதைத்தான் போடச் சொல்வார்கள். அவர்களைக் குற்றவாளிகளாகக் காட்டும் எந்தப் பேச்சையும் நான் ஏற்கமாட்டேன். 2015இல் அரசு, மனிதர்களுக்கான இந்த ஊசி மருந்தை 3 மில்லி குப்பியில் மட்டுமே விற்கலாம் என்று ஆணையிட்டது. மருந்து நிறுவனங்கள் நீதிமன்றம் சென்றன. 2017இல் சென்னை உயர் நீதிமன்றம் ஆணை செல்லும் என்று உறுதிசெய்தது. பல்லுயிர்ப் பாதுகாப்பு வரலாற்றில் ஒரு குப்பியின் அளவுக்கு இத்தனை பெரிய இடம் உண்டு என்பதை நம் பாடநூல்கள் சொல்லித்தர வேண்டும். மாட்டின் வலியைக் குறைத்து, பாறுக்கும் கேடு செய்யாத மெலாக்சிகாம் கிடைக்கிறது என்பதையும் அதே பக்கத்தில் அச்சிட வேண்டும்.

ஒரு மருந்தைத் தடை செய்தால் அதன் உறவுக்கார மருந்து அந்த இடத்துக்கு வருகிறது. பாறுகளைக் கொல்லும் இன்னொரு வலிநிவாரணியான கீட்டோபுரோஃபெனை 2021இல் முதலில் தடை செய்த நாடு வங்கதேசம். இந்தியா 2023இல் கீட்டோபுரோஃபெனையும் அசிக்ளோஃபெனாக்கையும், 2024 டிசம்பர் இறுதியில் நிமிசுலைடையும் கால்நடைகளுக்குத் தடை செய்தது. டைக்ளோஃபெனாக் தடைக்கும் நிமிசுலைடு தடைக்கும் இடையே 18 ஆண்டுகள் ஓடிவிட்டன. தெற்காசியாவில் நடந்தது அத்தனையும் உலகறிந்த பின்னர், 2013இல் ஸ்பெயின் கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக்கை அனுமதித்தது. பிறகு அங்கே ஒரு கரும்பாறு அந்த மருந்தாலேயே இறந்தது உறுதியானது. உலக மாநாடுகளில் பெருங்குரலில் பேசும் ஐரோப்பா இதைச் செய்தது எனக்குப் பொறுக்க முடியாததாக இருக்கிறது.

இதற்கு நேர்மாறாக, நேபாளத்தின் நவல்பராசி மாவட்டத்தில் பிதௌலி என்னும் சிற்றூர் மக்கள் செய்ததைப் பாருங்கள். ஓய்ந்துபோன கிழ மாடுகளை வாங்கி, அவை தாமாக இறக்கும் வரை பராமரித்து, நச்சு மருந்து இல்லை என்று உறுதியான உடல்களை மட்டும் பாறுகளுக்கு இடும் ‘ஜடாயு உணவக’த்தை நடத்தினார்கள். சுற்றுவட்டாரத்தில் இருந்த டைக்ளோஃபெனாக்கைத் திரட்டி அப்புறப்படுத்தி, மாற்று மருந்தைப் பரப்பினார்கள். நேபாளத்தில் வெண்முதுகுப் பாறுகளின் எண்ணிக்கை 2013க்குப் பின் மெல்ல ஏறத் தொடங்கியது.

நம் பக்கத்தில், நீலகிரியின் அடிவாரத்தில் மாயாறும் சீகூர் ஆறும் ஓடும் பள்ளத்தாக்கு தென்னிந்தியப் பாறுகளின் முதன்மையான புகலிடங்களுள் ஒன்று. ஆற்றோரத்து நீர்மருது மரங்களின் உச்சியில் வெண்முதுகுப் பாறுகள் சுள்ளிகளை அடுக்கிக் கூடு கட்டுகின்றன. கருங்கழுத்துப் பாறுகள் செங்குத்துப் பாறை இடுக்குகளை நாடுகின்றன. கோவையைச் சேர்ந்த அருளகம் அமைப்பினர் ஆண்டுக்கணக்கில் அப்பகுதி ஊர்களிலும் மருந்துக் கடைகளிலும் கால்நடை மருத்துவர்களிடமும் சென்று பேசியிருக்கிறார்கள். 2022இல் தமிழ்நாடு அரசு பாறுகளுக்கென மாநில அளவிலான குழுவை அமைத்தது. முதுமலை புலிகள் காப்பகம் இல்லாமல் அந்த நீர்மருது மரங்கள் மிஞ்சியிருக்க முடியாது என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் காப்பகத்துக்கு வெளியே மாடு வளர்ப்பவர்களின் ஒத்துழைப்பு இல்லாவிட்டால் மரம் இருக்கும், கூடு இருக்காது.

மாண்ட்ரியல் உடன்பாட்டின்படி 2030க்குள் ஆண்டுக்கு 20 ஆயிரம் கோடி டாலர் திரட்ட வேண்டும். அந்தப் பணம் எப்படி வரும் என்பதில் 2024இல் கொலம்பியாவின் காலியில் நடந்த மாநாடு முடிவுக்கு வர முடியாமல் கலைந்து, 2025 பிப்ரவரியில் ரோமில் மீண்டும் கூடித்தான் ஒரு வழி கண்டது. வரும் பணத்தில் எவ்வளவு மாயாற்றங்கரை போன்ற இடங்களுக்குச் சேரும் என்பதே என் கேள்வி. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி நம் நாட்டில் 2 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட உள்ளாட்சிப் பல்லுயிர் மேலாண்மைக் குழுக்கள் இருக்கின்றன. அவற்றுள் பல, ஊரின் உயிரினங்களைப் பட்டியலிடும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டைத் தயாரித்துக் கொடுத்ததோடு தம் கடமை முடிந்ததாக இருந்துவிடுகின்றன. அக்குழுக்களுக்கு ஆண்டுதோறும் நிதியும், தம் எல்லைக்குள் விற்கப்படும் கால்நடை மருந்துகளை ஆய்வு செய்யக் கோரும் அதிகாரமும் தரப்பட வேண்டும்.

இன்னொன்றை நடுவணரசு தாமதமின்றிச் செய்ய வேண்டும். புதிய கால்நடை வலிநிவாரணி எதுவாயினும், பாறுகளுக்குப் பாதுகாப்பானது என்று மெய்ப்பிக்கப்பட்ட பிறகே விற்பனைக்கு வர வேண்டும். மெய்ப்பிக்கும் செலவையும் பொறுப்பையும் மருந்தைத் தயாரிப்பவரே ஏற்க வேண்டும். ஃபுளூனிக்சின் என்னும் கால்நடை வலிநிவாரணி குறித்து ஆய்வாளர்கள் எச்சரிக்கை எழுப்பியிருக்கிறார்கள். இன்னொரு 18 ஆண்டுகள் பிணங்களை எண்ணிக்கொண்டிருக்காமல், அதற்கான தடை ஆணையை இப்போதே வெளியிட வேண்டும். மாடு வளர்க்கும் நண்பர்கள் இதைப் படித்தால், அடுத்த முறை ஊசி போட வரும் மருத்துவரிடம் மெலாக்சிகாம் போடும்படி கேளுங்கள். மருந்துக் கடையில் பெரிய டைக்ளோஃபெனாக் குப்பியைக் கண்டால் மாவட்ட மருந்து ஆய்வாளருக்குத் தெரிவியுங்கள்.