வேலைக்குப் போய்க்கொண்டே யூனிசாவில் படிக்கிறீர்களா? இரண்டு மாட்யூலோடு ஆரம்பியுங்கள்

காவடி சீசனும், தென்னாப்பிரிக்காவின் தொலைநிலைப் பல்கலைக்கழகமான யூனிசாவின் பதிவும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் வரும். டர்பன் பக்கம் அந்த வாரங்களில் எங்கே போனாலும் ஒரே கேள்வி: "எத்தனை மாட்யூல் (பாடம்) போடலாம்?" வேலைக்குப் போகிறவர் என்றால் முதல் செமஸ்டரில் இரண்டு. ஐந்து போட்டால் சீக்கிரம் முடிந்துவிடும் என்பது கணக்குப் பார்க்காதவர் பேச்சு.

தென்னாப்பிரிக்காவில் ஒரு கிரெடிட் என்றால் 10 மணி நேர உழைப்பு. மாட்யூல் பெரும்பாலும் 12 கிரெடிட், அதாவது 120 மணி. செமஸ்டர் என்றதும் ஆறு மாதம் கிடைப்பதாக நினைத்துக்கொள்கிறோம். பதிவு முடிந்து பாடத்தைத் திறப்பதற்கும் மே, ஜூன் தேர்வுக்கும் நடுவே மிஞ்சுவது 12 வாரம் போலத்தான். மாட்யூலுக்கு வாரம் 10 மணி. ஐந்து போட்டவருக்கு 50! வேலையே சட்டப்படி வாரம் 45 மணி வரை போகலாம். டர்பன் புறநகரான சாட்ஸ்வொர்த்திலிருந்து டவுனுக்குப் போய்வருகிற நேரம் தனி. வருஷம் முழுக்க ஓடும் மாட்யூலும் உண்டு, அதில் வாரச் சுமை பாதிக்கும் கீழே போகும். எது எந்த வகை என்று பதிவுக்கு முன்பே பாருங்கள்.

360 கிரெடிட் பட்டத்துக்கு 30 மாட்யூல். முதல் செமஸ்டரில் இரண்டு, அது தேறியதும் மூன்று மூன்றாகப் போனால் ஐந்தரை வருஷம். மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் கட்டணம் மாட்யூல் கணக்கில். ஐந்து போட்டு மூன்றில் விழுந்தால் மூன்றுக்கும் மறுபடி பணம். அதில் ஒன்று அடுத்த பாடத்துக்கு அடிப்படையாக இருந்தால் அதுவும் தள்ளிப்போகும். மண்டேலாவே யூனிசாவில் படித்தார் என்று உற்சாகப்படுத்துகிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: 1943-இல் ஜோகன்னஸ்பர்க்கின் விட்ஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய அவருடைய சட்டப் படிப்பு யூனிசாவில் முடிந்தது 1989-இல்.

அசைன்மென்ட்டை அலட்சியப்படுத்துகிறவர்கள் இதைப் போட்டுப் பாருங்கள். விகிதம் பாடத்துக்குப் பாடம் மாறும்; அசைன்மென்ட்டுக்கு 20, தேர்வுக்கு 80 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அசைன்மென்ட்டில் 70 வாங்கினால் 14 மதிப்பெண் கையில் இருக்கிறது. தேர்வில் 45 எடுத்தாலே 36 சேர்ந்து 50, பாஸ். அசைன்மென்ட்டில் ஒன்றும் இல்லை என்றால் தேர்வில் 62.5 வேண்டும். அதற்காகத் தேர்வை விட்டுவிடவும் முடியாது: தேர்வில் 40-க்குக் கீழே போனால் அந்த 14 எடுபடாது.

அசைன்மென்ட் தேதிகள் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில் ஈஸ்டர் திருவிழாவை ஒட்டி வந்து நிற்கும். கடைசி இரவில் எல்லாரும் ஒரே நேரத்தில் ஏற்றுவதால் தளம் தவழும். இரண்டு நாள் முன்னால் ஏற்றிவிடுங்கள். ஏற்றிய பிறகு அதே கோப்பைத் திரும்ப இறக்கித் திறந்து பாருங்கள். பழைய டிராப்ட்டையோ வெற்றுப் பக்கத்தையோ அனுப்பிவிட்டு மதிப்பெண் வந்தபின் தலையில் கைவைப்பது சர்வசாதாரணம். கையால் எழுதியதைப் படம் பிடித்தால் எல்லாப் பக்கமும் ஒரே பிடிஎஃப்பாக, வரிசையாக, நிமிர்ந்து இருக்கட்டும்.

வீட்டிலிருந்து எழுதும் தேர்வைப் போன் வழியே கண்காணிக்கும் இன்விஜிலேட்டர் ஆப் கேட்கும் மாட்யூல் என்றால் படிப்பைவிட போன்தான் காலை வாரும். க்யூஆர் கோடு ஸ்கேன் செய்ய வேண்டும், இடையிடையே முகத்தைப் படமெடுக்கும், அறைச் சத்தத்தைப் பதிவு செய்யும். போனில் பேட்டரி சேமிப்பு முறை ஓடினால் பின்னணியில் இருக்கும் ஆப்பை அதுவே மூடிவிடும், அணைத்து வையுங்கள். இடம் காலியாக இருக்கட்டும், சார்ஜரில் போடுங்கள், டேட்டா தனியாக வைத்திருங்கள், ஏனென்றால் கரண்ட் போனால் ரவுட்டரும் போகும். "சாப்பிட வாம்மா" என்று சமையலறையிலிருந்து வரும் குரலும் பதிவில் விழும். அதற்கு அப்புறம் விளக்கம் எழுதிக்கொண்டிருக்க வேண்டும். வீட்டில் முதல் நாளே சொல்லிவையுங்கள்.

லீவு விஷயம். தேர்வு லீவு என்று சட்டத்தில் எதுவும் இல்லை, கம்பெனி மனசு வைத்தால் உண்டு. மூன்று நாள் குடும்பப் பொறுப்பு லீவும் இதற்குச் செல்லாது. வாரம் ஐந்து நாள் வேலை என்றால் சட்டம் தருவது வருஷத்துக்கு 15 வேலை நாள். தீபாவளிக்கு இங்கே பொது விடுமுறை கிடையாது, அதற்கும் இதிலிருந்துதான் எடுக்கிறோம். அக்டோபர், நவம்பர் தேர்வும் அதே சமயம்தான். தேர்வு அட்டவணை வந்த அன்றே முதலில் அந்த நாட்களுக்கு லீவு எழுதிக்கொடுங்கள். மீதியில் பார்த்துக்கொள்ளலாம் பலகாரத்தை.