சிபாரிசுக் கடிதம் வெறும் கடிதம் இல்லை

அரசு வேலைக்கு ஒருவரை எம்.எல்.ஏ. சிபாரிசு செய்வதில் தவறில்லை, முடிவெடுப்பது அதிகாரிதானே என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. என்னால் ஏற்க முடியவில்லை. அரசு வேலையில் எல்லோருக்கும் சம வாய்ப்பு என்று அரசியலமைப்பின் 16-வது பிரிவு சொல்கிறது. விளம்பரமும் போட்டியும் இல்லாமல் சேர்ந்தவர்கள் பணி நிரந்தரத்தை உரிமையாகக் கேட்க முடியாது என்று 2006-லேயே உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

என் தம்பி மூன்று வருடம் புதுச்சேரி ரோமன் ரோலண்ட் நூலகத்தில் உட்கார்ந்து தேர்வுக்குப் படித்தான். ஓர் அலுவலகத்தில் காலியிடம் பற்றி விசாரிக்கப் போனவனிடம், "தொகுதி எம்.எல்.ஏ. லெட்டர் இருக்கா?" என்றுதான் முதலில் கேட்டார்கள். அன்று ராத்திரி அவன் சாப்பிடவே இல்லை. அப்புறம், லெட்டரோடு உள்ளே போனவர்களும் பாவம்தான். ஆட்சி மாறினால் வேலை இருக்குமா என்ற பயத்திலேயே தினக்கூலிக்கு உழைக்கிறார்கள்.