நந்தனார் ஏன் வெளியே நின்றார்?

போன மாதம் என் பரதநாட்டிய வகுப்பில் கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் கீர்த்தனை ஒன்றுக்கு அபிநயம் சொல்லிக் கொடுத்தேன். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட சிவபக்தர் நந்தனார், கோயிலுக்குள் வரலாமா என்று தயங்கி நிற்கும் இடம். பத்து வயதுப் பெண் ஒருத்தி. முழங்காலை மடக்கி நிற்கும் அரைமண்டி சுத்தம், கை முத்திரை சுத்தம். முகத்தில் மட்டும் நல்ல சிரிப்பு.

"ஏம்மா சிரிக்கிற?"

"சாமி பாக்கப் போறார்ல டீச்சர்?"

"அவரை உள்ள விடமாட்டாங்கடா."

"ஏன், நடை சாத்திட்டாங்களா?"

தாளம் போடும் தட்டுக்கழியைக் கீழே வைத்துவிட்டேன். அன்று மிச்ச நேரம் முழுக்கச் சாதியைப் பற்றித்தான் பேச்சு. மறுநாள் அந்தப் பெண்ணின் அம்மா ஃபோனில், "டான்ஸ் கத்துக்கத்தானே அனுப்புறோம், இதெல்லாம் எதுக்கு மேடம்?" என்றார்.

இதுவும் டான்ஸ்தாங்க. அந்தப் பாட்டிலிருந்து சாதியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது கைவீச்சு. அடுத்தவர் வலியைத் தன் உடம்பில் வாங்கிப் பார்க்கப் பழக்குகிற கல்வி இது. எத்தனை பாடத்தில் அதற்கு இடம் இருக்கிறது?

நானும் அப்படிக் கற்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம். ஒன்பது வருடம் ஆடினேன். பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு என்று தஞ்சை நால்வரைச் சொல்லிக் கும்பிட வைத்தார்கள். அவர்கள் அமைத்ததைத் தலைமுறை தலைமுறையாக ஆடிக் காப்பாற்றிய தேவதாசிப் பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இந்த ஆட்டத்தின் பழைய பெயரான 'சதிர்' என்ற சொல்லே கல்யாணத்துக்குப் பிறகுதான் என் காதில் விழுந்தது. பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடுகிற பொட்டுக்கட்டும் வழக்கத்தை 1947ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது, செய்ய வேண்டியதுதான். ஆனால் அந்தப் பெண்களின் ஆட்டம் நம் வீட்டுக் கூடத்துக்கு வந்தபோது அவர்கள் பெயர் கூட வரவில்லை. வீணை தனம்மாளின் பேத்தி பாலசரஸ்வதி அந்த மரபிலிருந்து வந்து உலகமெல்லாம் ஆடியவர். என் மாணவிகளில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியாது. அது என் தப்பும்தான்.

அதே தஞ்சை நால்வர் வழிவந்த கிட்டப்பா பிள்ளை, திருநங்கையான நர்த்தகி நடராஜைச் சிஷ்யையாக ஏற்றுக்கொண்டார். 2019இல் நர்த்தகிக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. விருதை விட, ஊர் ஒதுக்கியவருக்கு அடவு சொல்லிக்கொடுத்த அந்தக் குருவின் மனசைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

அந்த அம்மா மகளை நிறுத்தவில்லை. அடுத்த வகுப்பில் அதே இடம் வந்தது. வலது காலை முன்னால் எடுத்து வைத்தவள், பெருவிரல் தரையைத் தொட்டதும் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். நான் அதைச் சொல்லித் தரவில்லை.