மன்னார் வளைகுடாவின் காற்றும் வானிலை மாதிரிகளும்

தமிழகக் கடலில் காற்றாலை நிறுவுவது பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், கன்னியாகுமரியிலிருந்து தனுஷ்கோடி வரை பலத்த காற்றைக் குறிக்கும் கருஞ்சிவப்பு தீட்டிய காற்று வரைபடம் ஒன்று பகிரப்படுகிறது. அந்தச் சிவப்பின் பெரும்பகுதி, கணினியில் ஓடும் வானிலை மாதிரிகளின் கணிப்பு என்பதைப் பகிர்பவர்கள் சொல்வதில்லை. இந்த மாதிரிகள் இல்லாமல் காற்று வளத்தை மதிப்பிடவே முடியாது என்பதை ஏற்கிறேன். ஆனால் கரையோரத்தில் அவை தரும் எண்ணை நேரடி அளவீடு இல்லாமல் முதலீட்டுக் கணக்கில் ஏற்றக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஐரோப்பிய வானிலை மையத்தின் ஈஆர்ஏ5 மறுபகுப்பாய்வுத் தரவு (பழைய அளவீடுகளை மாதிரியோடு இணைத்து மீட்டெழுதிய வானிலைப் பதிவு), 1940 முதல் மணிக்கு மணி, 100 மீட்டர் உயரக் காற்றையும் இலவசமாகத் தருகிறது. இவ்வளவு நீண்ட பதிவைக் காற்றை அளக்கும் எந்தக் கோபுரமும் தர முடியாது. எனினும் அது உலகைக் கட்டங்களாகப் பிரித்தே கணிக்கிறது; ஒரு கட்டத்தின் அகலம் ஏறத்தாழ 31 கிலோமீட்டர். பாம்பன் தீவு முழுவதும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடக்கூடும். மணலும் நீரும் ஒரே தரையாகச் சராசரியாக்கப்படும்போது, பிற்பகலில் எழும் கடற்காற்றும், கரையிலிருந்து கடலுக்குள் சென்றவுடன் உராய்வு குறைந்து காற்று வேகம் கொள்வதும் மங்கிவிடுகின்றன. ஆரல்வாய்மொழிக் கணவாய் போன்ற குறுகிய இடைவெளியோ அந்தக் கட்டத்தின் கண்ணுக்கே தெரியாது.

இதைச் சரிசெய்ய டபிள்யூஆர்எஃப் என்னும் மாதிரியை ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரையான நுண்கட்டங்களில் ஓட்டுகிறார்கள். பலன் உண்டு. ஆனால் தரையை ஒட்டிய காற்றடுக்கின் கொந்தளிப்பைக் கணிக்க எந்த வாய்பாட்டைத் தேர்கிறோம், கடல்மேற்பரப்பு வெப்பநிலையை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து, அதே நாளுக்கு அதே இடத்தில் வேறு வேறு வேகங்கள் கிடைக்கும். படம் கூர்மையாவதாலேயே அது உண்மையாகிவிடாது. செயற்கைக்கோளும் கடல்மட்டத்தை ஒட்டிய காற்றையே காட்டும். காற்றாலையின் இறக்கைகள் சுழலும் உயரத்துக்கு அதை ஊகித்துத்தான் ஏற்ற வேண்டும்.

காற்றின் ஆற்றல் வேகத்தின் கனத்தைச் (வேகம் × வேகம் × வேகம்) சார்ந்தது. வேகத்தில் 10 சதவீதம் கூடுதலாகக் கணித்தால் ஆற்றல் 33 சதவீதம் மிகைப்படும். உச்சத் திறனை எட்டிய காற்றாலை அதற்குமேல் தராது என்பதால் மின் உற்பத்தியில் பிழை சற்றுக் குறையும் என்றாலும், கடன் தரும் வங்கி அந்த ஐயத்தைக் கணக்கில் எடுக்காமல் விடாது. பத்தில் ஒன்பது ஆண்டுகளில் எட்டக்கூடிய குறைந்த உற்பத்தியையே அது நம்பும். ஐயம் பெருகப் பெருக மின்சாரத்தின் விலை ஏறும். 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை, குஜராத், தமிழகக் கடல்களில் தலா 500 மெகாவாட் காற்றாலைகளுக்காக மொத்தம் 7,453 கோடி ரூபாய் நிதியுதவித் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. இந்த அளவுக்குப் பொதுப் பணம் இறங்கும் இடத்தில், ஓராண்டாவது லைடார் என்னும் லேசர் ஒளிக் கருவியால் கடலிலேயே காற்றை அளந்து, அதை மாதிரியின் நீண்டகாலப் பதிவோடு ஒப்பிட்டுத் திருத்துவதற்கு ஆகும் செலவு மிகச் சிறியது. அந்த அளவீடுகள் எல்லோரும் சரிபார்க்கும்படி பொதுவில் இருக்கவும் வேண்டும்.

ஆண்டுச் சராசரி ஒன்றை மட்டும் பார்த்து மகிழ்வதும் எனக்கு உடன்பாடில்லை. ஆடிக்காற்றின்போது கரையிலுள்ள முப்பந்தல் காற்றாலைகளே போதிய மின்சாரத்தைக் கொட்டுகின்றன. கரையில் காற்றாலைகள் சோர்ந்திருக்கும் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை கடல் எவ்வளவு தரும், அதிலும் மாலை மின்தேவை உச்சம் தொடும் நேரத்தில் எவ்வளவு தரும் என்பதற்கே, மாதவாரியாகவும் மணிவாரியாகவும், முதலில் விடை தேட வேண்டும்.