ஒன்பதாவது கேள்வியைக் கேட்கும் முன்

பெருந்தொற்று நேரத்தில் போய் மனநல ஆய்வா, அது இப்ப ரொம்ப அவசியமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவசியம்தான். 2020 ஏப்ரலிலேயே லான்செட் சைக்கியாட்ரி என்ற மருத்துவ இதழில் எமிலி ஹோம்ஸும் அவருடன் சேர்ந்த ஆய்வாளர்களும், மனநல ஆய்வை உடனே தொடங்க வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். அந்தக் கோரிக்கையில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. எனக்குள்ள கோபம் வேறு. கேள்விகளைக் கேட்டு முடித்ததும் போனை வைத்துவிட்டுப் போகிற ஆய்வு எங்கள் ராமநாதபுரம் கரைக்கு வேண்டாம்.

அந்த வருடம் ஒரு நிறுவனத்தின் ஆய்வுக்காகப் போனில் பேட்டி எடுக்கும் வேலையில் இருந்தேன். பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், வடக்கே தேவிபட்டினம், தொண்டி, தெற்கே கீழக்கரை, வாலிநோக்கம் வரை எண்கள் கொடுத்திருந்தார்கள். கையில் இருந்தது மனச்சோர்வை அளக்கும் பி.ஹெச்.க்யூ-9 என்ற கேள்வித்தாள். 2001-ல் வெளியாகி, இன்று உலகம் முழுக்கப் புழங்குவது. கடந்த 2 வாரங்களில் மனம் எப்படி இருந்தது, தூக்கம் எப்படி, சாப்பாடு இறங்குகிறதா என்று 9 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. 10-ம் அதற்கு மேலும் வந்தால் அந்த ஆளைக் கவனிக்க வேண்டும். ஒன்பதாவது கேள்விதான் கனமானது. செத்துப்போயிருந்தால் தேவலை என்றோ, தன்னை ஏதாவது செய்துகொள்ளலாம் என்றோ நினைப்பு வந்ததா என்று அது கேட்கும்.

அப்படிக் கேட்டாலே இல்லாத நினைப்பு வந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். இதை ஆராய்ந்தவர்கள் அப்படி வருவதாகச் சொல்லவில்லை. ஆனால் "ஆமா" என்று பதில் வந்தால்? எங்கள் கையேட்டில் அதற்கு இருந்தது ஒரே ஒரு வரி: உதவி எண்ணைத் தெரிவிக்கவும். 104-ஐச் சொல்லிவிட்டு அடுத்த எண்ணுக்குப் போக வேண்டும். பஸ் ஓடவில்லை. ராமேசுவரத்திலிருந்து ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரி 50 கிலோமீட்டருக்கு மேல். எண்ணைக் குறித்துக்கொள்ளப் பேனா தேடுகிற சத்தம் போனில் கேட்கும். அப்புறம் "சரிம்மா, வச்சிடட்டா" என்பார்கள். பேட்டி எடுத்த எங்களுக்கும் அது லேசான வேலை இல்லை. அந்தக் குரலைக் கேட்டுவிட்டு உலை வைக்கப் போக வேண்டும். எங்களிடம் அதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

இன்னொரு பெரிய சிக்கல் போன். எங்கள் பட்டியலில் இருந்த எண்களில் பாதி, பெண் பெயருக்கு எதிரே எழுதப்பட்ட புருஷன் எண்கள். வீட்டில் இருப்பது ஒரே ஆண்ட்ராய்டு போன். பகலில் அது பிள்ளையின் ஆன்லைன் வகுப்புக்கு, மற்ற நேரம் அவருக்கு. அந்தம்மாவிடம் கொடுக்கச் சொன்னால் ஸ்பீக்கரைப் போட்டுக் கொடுப்பார். ஊரடங்கில் எல்லோரும் வீட்டிலேயே. ஓர் அறை வீட்டில் எங்கே போய்ப் பேசுவது?

கடல்பாசி எடுக்கப் போகிற ஓர் அக்கா. ஊரைச் சொல்லமாட்டேன். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, முகத்தில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தண்ணீருக்குள் மூச்சைப் பிடித்துப் பாறையிலிருந்து பாசியைப் பிய்த்தெடுக்கிற வேலை. அந்த வருடம் பாசி வாங்க வியாபாரி வரவில்லை, வட்டிக்குக் கொடுத்தவர் மட்டும் வந்துகொண்டிருந்தார். காலையில் நான் கேட்டபோது அநேகமாக எல்லாவற்றுக்கும் "இல்ல தாயி, இல்ல தாயி" என்றார். பக்கத்தில் ஆம்பளைக் குரல் ஒன்று கேள்விகளைத் திருப்பிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தது. மதிப்பெண் 3. தாளை மூடி வைத்தேன். சாயங்காலம் வேறொரு எண்ணிலிருந்து மிஸ்டு கால். திரும்பக் கூப்பிட்டால் காற்றுச் சத்தம்.

"காலையில கேட்டியே தாயி, அதை இப்பக் கேளு. பக்கத்துல ஆளு இல்ல."

முதலிலிருந்து கேட்டேன். இந்தத் தடவை 17. ஒன்பதாவது கேள்விக்கு, பாதி நாளுக்கு மேல் அந்த நினைப்பு வருவதாகச் சொன்னார். தாளை ஓரமாக வைத்துவிட்டு, உங்க ஊர் நர்ஸம்மாகிட்டச் சொல்லட்டுமாக்கா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "நர்ஸம்மான்னா சரி. வேற யாருட்டயும் வேணாம். ஏர்வாடியில கொண்டுபோய் விட்டுருவாக" என்றார். கிராம சுகாதார செவிலியர் மறுநாள் காலையில், தடுப்பூசி அட்டை பார்க்க வந்ததுபோல் அந்த வீட்டுக்குப் போனார். அவரே பெரியாஸ்பத்திரி மனநல மருத்துவரிடம் போனில் பேசவைத்தார், மாத்திரையும் வந்து சேர்ந்தது. இதில் எதுவும் ஆய்வுத் திட்டத்தில் எழுதப்பட்டிருக்கவில்லை. அந்தச் செவிலியரின் எண் என்னிடம் இருந்ததால் நடந்தது. எண் இல்லாத ஊர்களில் எத்தனை 3-கள் அப்படியே 3-ஆகக் கணினிக்குள் போயினவோ.

ஏர்வாடி என்று அந்த அக்கா சொன்னதை வெளியூர் ஆய்வாளர்கள் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அங்கே ஒரு தனியார் காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் தப்பிக்க வழியில்லாமல் மனநோயாளிகள் 28 பேர் செத்துப்போனார்கள். அதன்பிறகு உச்ச நீதிமன்றம் தலையிட்டது, காப்பகங்கள் மூடப்பட்டன. 2017-ல் மனநலப் பராமரிப்புச் சட்டமும் வந்தது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன நெருக்கடியில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது அதன் 115-வது பிரிவு. ஆனால் கரையில் இருக்கும் பயம் சட்டம் வந்ததால் போய்விடவில்லை. சங்கிலியும் போலீசும்தான் முதலில் ஞாபகத்துக்கு வரும். முகம் தெரியாத ஒருத்தி போனில் கேட்டால் "இல்ல தாயி" என்பதுதான் பாதுகாப்பான பதில்.

இந்த "இல்ல"களுக்கும், பட்டியலிலேயே வராதவர்களுக்கும் பெரிய எண்களில் இடமில்லை. பெருந்தொற்றின் முதல் ஆண்டில் உலகம் முழுக்கப் பதற்றமும் மனச்சோர்வும் 25 சதவீதம் கூடின என்று 2022 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. அதற்குக் கைகொடுத்த பெரிய ஆய்வு 2021-ல் லான்செட்டில் வந்தது. அதில் சேர்க்கத் தகுதியான தரவுகளாகக் கிடைத்தவை 48, அவற்றில் பெரும்பகுதி மேற்கு ஐரோப்பாவும் வட அமெரிக்காவும். தரவு இல்லாத நாடுகளுக்கு, தொற்று எவ்வளவு, மக்கள் நடமாட்டம் எவ்வளவு குறைந்தது என்பதை வைத்துக் கணக்குப் போட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, இல்லாததை எங்கிருந்து எடுப்பார்கள்? இங்கேயும் 2020 ஏப்ரலில் இந்திய மனநல மருத்துவச் சங்கம் இணையத்தில் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. பதில் சொன்ன 1685 பேரில் 40.5 சதவீதம் பேருக்குப் பதற்றமோ மனச்சோர்வோ இருந்தது. அவசரத்தில் செய்த நல்ல வேலை. ஆனால் வாட்ஸப்பில் வந்த லிங்க்கைத் திறந்து நிரப்பியவர்களின் எண் அது. பாசிக்காரப் பெண்ணின் எண் அல்ல.

தவிர, எங்கள் கரைக்கு என்று ஒரு காலண்டர் இருக்கிறது. வழக்கமாக ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். 2020-ல் அதை மே 31-ஓடு முடித்தார்கள். அந்த மாதங்களில் கடன், சண்டை, தூக்கமில்லாமை எல்லாம் வருடா வருடம் கூடத்தான் செய்யும். முந்தைய வருடக் கணக்கு கையில் இல்லாமல், மே மாதம் எடுத்த மதிப்பெண்ணைக் கொரோனா கணக்கில் எழுதினால் அது எப்படிச் சரியாகும்? தூக்கம் பற்றிய கேள்வியும் அப்படித்தான். பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகு வாரத்தில் 3 நாள், நாட்டுப்படகு 4 நாள் என்று முறை வைத்திருக்கிறார்கள். ராத்திரி முழுக்கக் கடலில் இருந்துவிட்டுப் பகலில் தூங்குகிறவரிடம் ராத்திரி தூக்கம் வருதா என்று கேட்டு என்ன மதிப்பெண் போடுவது? ஆய்வுக் குழுவில் கரைக்காரர் ஒருவர் இருந்திருந்தால் முதல் நாளே இதைச் சொல்லியிருப்பார்.

சில விஷயங்கள் இப்போது மாறியிருக்கின்றன. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கி, சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி மாத்திரை வருகிறது. மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்களே தன்னார்வலர்களாக வருகிறார்கள். 2022 அக்டோபர் 10-ல் டெலி-மானஸ் என்ற மனநல உதவித் தொலைபேசிச் சேவை வந்தது, 14416-ஐக் கூப்பிட்டால் தமிழிலேயே பேசலாம். அடுத்த தொற்றோ புயலோ வரும்போது இவற்றையெல்லாம் ஆய்வோடு முடிச்சுப்போட முடியும். பேட்டி நேரத்தை அந்தப் பெண்ணே சொல்லட்டும், மிஸ்டு கால் கொடுத்தால் நாம் கூப்பிடுவோம். பதிலை 0, 1, 2, 3 என்று எண்ணாக மட்டும் சொல்லும்படி கேள்வியை அமைத்தால் பக்கத்தில் இருப்பவருக்கு ஒன்றும் பிடிபடாது, ஸ்பீக்கரை மட்டும் அணைத்துவிட வேண்டும். ஆய்வு முடிந்ததும் என்ன தெரிந்தது என்பதை ஊர்க்கூட்டத்துக்கு வந்து தமிழில் சொல்லட்டும். நான் வேலை பார்த்த ஆய்வின் முடிவு எந்த ஊருக்கும் வந்ததாகத் தெரியவில்லை.

இப்போதும் ஆய்வுக்கு ஆள் பிடித்துத் தரச்சொல்லி எனக்குப் போன் வருகிறது. வருகிறவர்களிடம் முதலில் பட்ஜெட் தாளைக் கேட்கிறேன். ஒன்பதாவது கேள்விக்கு ஆமாம் என்றவரை அன்றைக்கே பார்க்கப்போகும் மருத்துவர் யார், அவர் எத்தனை மணி வரை போனை எடுப்பார், ஆட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள், பேட்டி எடுக்கிற பிள்ளைகளிடம் வாரம் ஒருமுறை உட்கார்ந்து பேசப்போவது யார் என்று கேட்கிறேன். டேப்லெட் கருவி வாங்கவும் மாநாட்டுக்குப் போகவும் காசு போட்டிருக்கிறார்கள். இந்த வரிகளையும் எழுதிக்கொண்டு வாருங்கள், பாம்பனிலிருந்து தொண்டி வரை வீடு வீடாக நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.