பட்டறை ஊரின் குரல்

இங்கிலாந்தின் ராக் பாடகர் ஓஸி ஆஸ்போர்ன் 2025 ஜூலை 22 அன்று தமது 76ஆம் வயதில் காலமானார். அதன் பிறகு நான் படித்த அஞ்சலிகளில் பெரும்பாலானவை, 1982இல் அவர் மேடையில் வௌவாலின் தலையைக் கடித்த கதையில் தொடங்கி அதிலேயே முடிந்துவிட்டன. ரப்பர் பொம்மை என்று எண்ணிக் கடித்ததாக அவரே பின்னர் கூறிய அந்த ஒரு நொடியை வைத்து ஐம்பது ஆண்டுப் பாட்டை அளப்பது எனக்குப் பெரும் வருத்தத்தைத் தருகிறது. கோயம்புத்தூர்க்காரர்களாகிய நாம் அவரை வேறோர் இடத்திலிருந்து நினைவுகூர வேண்டும்.

இங்கிலாந்தின் தொழில் நகரமான பர்மிங்காமில், ஆஸ்டன் என்ற தொழிலாளர் பகுதியில் வளர்ந்தவர் அவர்; பிறந்தது 1948இல். தந்தை ஆலையில் இரவு ஷிப்ட் பார்த்த கருவி செய்யும் தொழிலாளி, தாயும் ஆலைத் தொழிலாளி, வீட்டில் ஆறு பிள்ளைகள். 15 வயதில் பள்ளியை விட்டவர், கார் ஹாரன்களின் ஒலியைச் சரிபார்க்கும் வேலையும் இறைச்சிக் கூடத்து வேலையும் பார்த்தார். திருட்டு வழக்கில் விதிக்கப்பட்ட அபராதத்தைக் கட்ட முடியாமல் சில வாரங்கள் சிறையிலும் இருந்தார். 1968இல் அவருடன் சேர்ந்து பிளாக் சபாத் என்ற ராக் இசைக்குழுவைத் தொடங்கிய டோனி அயோமி, கீசர் பட்லர், பில் வார்ட் ஆகிய மூவரும் அதே ஆஸ்டன் பிள்ளைகளே. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், கணபதியிலோ ஆவாரம்பாளையத்திலோ பட்டறைச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்த நான்கு பையன்கள்.

என் தந்தை ஆவாரம்பாளையத்து ஃபவுண்டரி ஒன்றில், உருக்கிய இரும்பை ஊற்றும் அச்சுகளைச் செய்யும் மோல்டராக இருந்தார். உலை ஊற்றும் நாட்களில் தீப்பொறி பட்டுச் சட்டை முழுவதும் சிறு சிறு ஓட்டைகளோடு வீடு திரும்புவார். 1993இல் பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது, நண்பன் ஒருவன் பதிவு செய்து கொடுத்த கேசட்டில்தான் பிளாக் சபாத்தின் 1970ஆம் ஆண்டு முதல் தொகுப்பைக் கேட்டேன். மழை பெய்கிறது, இடி உறுமுகிறது, தொலைவில் ஒரு மணி அடிக்கிறது, பிறகு அந்த கிதார் மிக மெதுவாக, மிகக் கனமாக இறங்குகிறது. பாட்டின் ஒரு சொல்லும் எனக்குப் புரியவில்லை; ஆனால் தகட்டை அழுத்தும் பவர் பிரஸ் இறங்கும்போது தரை வழியாகக் காலில் ஏறும் அதிர்வை அறிந்திருந்த எனக்கு அந்தக் கனம் புதிதாக இருக்கவில்லை.

அந்த கிதாரை வாசித்த அயோமி, 17 வயதில், தகடு வேலை செய்யும் ஆலையில் தமது கடைசி வேலை நாளன்று, இயந்திரத்தில் வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். இடது கைப் பழக்கமுள்ளவர் என்பதால் தந்திகளை அழுத்த வேண்டிய கை அதுவேதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல் நுனிக்கு உறை செய்து, அதன்மேல் தோல் ஒட்டி, மெல்லிய தந்திகளைக் கட்டி மீண்டும் வாசித்த அவர், தந்தி தளர்ந்து விரலுக்கு எளிதாக இருக்க வேண்டி 1971இல் சுருதியை மூன்று அரைச்சுரம் இறக்கினார். என் தாய்மாமனும் பிரஸ்ஸில் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். கல்யாண வீடுகளில் அந்தக் கையை வேட்டி மடிப்புக்குள் வைத்துக்கொண்டே நிற்பார். அயோமியின் கதையை அவரிடம் ஒருமுறை சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "அந்தப் பையனுக்கு முதலாளி என்ன குடுத்தாங்க கண்ணு?" என்றுதான் கேட்டார். போர்மேன் ஒருவர், இரண்டு விரல்கள் முடங்கிய பின்னும் கிதார் வாசித்த ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டை வாங்கி வந்து கேட்க வைத்தார் என்றேன். "அதாச்சும் செஞ்சாங்களே" என்றார் மாமா.

அத்தனை தாழ்ந்த சுருதிக்கு மேலே ஓஸியின் குரல் தனியாக, உயரத்தில் நிற்கும். பயிற்சி பெற்ற குரல் இல்லை அது, நுணுக்கங்களும் குறைவு. பாட்டு வரிகளில் பெரும்பாலானவை பட்லர் எழுதியவை என்பதையும் ரசிகன் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் கிதார் போகும் தடத்திலேயே அந்தக் குரலும் போகும்போது, அதில் பயம் ஒளிவுமறைவின்றி இருந்தது. நம் கொங்கு நாட்டு அண்ணமார் கதையில், வீரர்கள் மாளும் படுகளத்தைப் பாடும்போது, உடுக்கைக்கு மேலே எழும் பாட்டுக்காரரின் குரலைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். அதன் அழகைப் பற்றி எவரும் பேசுவதில்லை, ஆனால் அதை விட்டு எழுந்து போகவும் எவராலும் முடிவதில்லை.

அவருடைய குடியையும் போதையையும் நான் மூடி மறைக்க விரும்பவில்லை. 1979இல் குழுவிலிருந்து நீக்கப்பட்டது அதனால்தான். 1989இல் போதையில் மனைவியின் கழுத்தை நெரித்துக் கைதானதும் அதனால்தான். சனிக்கிழமைக் கூலி வாங்கிய ஆண் எந்நிலையில் வீடு திரும்புவானோ என்று கதவருகே காத்திருந்த பெண்கள் எங்கள் வீதியிலும் உண்டு. அந்தச் செயலைக் கலைஞனின் கிறுக்கு என்று சொல்லிக் கடந்துபோக என்னால் இயலாது.

பார்க்கின்சன் நோயால் நடக்கவும் முடியாத நிலையில், 2025 ஜூலை 5 அன்று, தாம் வளர்ந்த ஆஸ்டனிலேயே இருக்கும் வில்லா பார்க் மைதானத்தில் அவர் கடைசியாகப் பாடினார். இருக்கையில் அமர்ந்தபடி, இருபது ஆண்டுகளுக்குப் பிறகு நால்வரும் ஒன்றுசேர்ந்த மேடையில், குரல் சில இடங்களில் தடுமாறியும் நிறுத்தாமல் பாடினார். பதினேழு நாட்களில் போய்விட்டார். ஜூலை 30 அன்று பர்மிங்காம் வீதியில், பித்தளை வாத்தியக்காரர்கள் அவருடைய பாடல்களை வாசித்து முன்னே செல்ல, அவர் உடல் பின்னே சென்றது. மேளத்தோடு வழியனுப்பும் ஊரில் பிறந்த எனக்கு, அந்தக் காணொளியைப் பார்த்தபோது கண்ணீரை அடக்க முடியவில்லை.

இன்று நான் மூன்று லேத்துகள் கொண்ட சிறிய பட்டறை ஒன்றை நடத்துகிறேன். செய்தி வந்த மறுநாள் காலை அந்த முதல் தொகுப்பை ஸ்பீக்கரில் வைத்தபோது, ஒடிசாவிலிருந்து வந்து வேலை செய்யும் தம்பி, "யார் அண்ணா இது?" என்று கேட்டான். கார் ஹாரன் சரிபார்த்த ஒரு தொழிலாளி என்று சொன்னேன். பாட்டு சரியாகக் கேட்கட்டும் என்று அவன் லேத்தை நிறுத்தப் போனான். ஓடட்டும், நிறுத்த வேண்டாம் என்றேன்.